ஒரு கதைக்கு எத்தனை அட்டை?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூர் நகரத்தின் மத்தியில் உள்ள ஒரு காமிக்ஸ் கடையில், ஓர் அட்டையில் வீரன் மழையில் நனைந்தபடி நிற்பதையும், மற்றொன்றில் அதே வீரன் உச்சி வெயிலில் ஒரு கட்டடத்தின் விளிம்பில் குந்தியிருப்பதையும் கண்டு, இவை அடுத்தடுத்த இரண்டு இதழ்கள் என்று என் மனத்துக்குள்ளேயே நிச்சயம் செய்துகொண்டு, இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். ஃபேரர் பார்க் வருவதற்குள் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதைப் பிரித்தால், அதே முதல் பக்கம், அதே வசனம், அதே வில்லன் அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதே சுருட்டைப் புகைக்கிறான்! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் சூட்சுமம் புலப்பட்டது. பார்கோட்டின் பக்கத்தில் சிறியதாக ஐந்து இலக்கங்கள் இருக்கின்றன. முதல் மூன்றும் இதழின் எண், கடைசி இலக்கம் எத்தனையாவது அச்சு என்பது, இடையே நிற்கும் நான்காவது இலக்கம்தான் அட்டையின் எண். என் கையிலிருந்த இரண்டு பிரதிகளுக்கும் அந்த ஓர் இலக்கத்தில் மாத்திரமே பேதம்.

தவறு என்னுடையது, கடைக்காரரை நொந்துகொள்வதற்கில்லை. ஆனால் ஒரு சாதாரண வாசகன் கதையைத் தேடிப் போய் அட்டையில் தடுக்கி விழுகிற அளவுக்கு ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது என்றால், அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

‘வேரியண்ட் கவர்’ என்று ரசிகர்கள் சொல்லும் இந்த மாற்று அட்டை, ஆதியில் குற்றமற்ற ஒரு விளையாட்டாகவே பிறந்தது. 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனின் கதையை முதலிலிருந்து திருப்பிச் சொல்லத் தொடங்கியபோது, டிசி நிறுவனம் முதல் இதழைப் பத்திரிகைக் கடைகளுக்கு ஓர் அட்டையோடும், காமிக்ஸ் கடைகளுக்கு வேறோர் அட்டையோடும் அனுப்பியது. ஐந்தே வருஷங்களில் விளையாட்டு வெறியாயிற்று. 1991இல் மார்வெல் வெளியிட்ட ‘எக்ஸ்-மென்’ முதல் இதழுக்கு ஐந்து அட்டைகள்; நான்கை வரிசையாக வைத்தால் ஒரே சித்திரமாகச் சேரும், ஐந்தாவதின் மடிப்பை விரித்தால் அந்த முழுச் சித்திரமும் அதிலேயே இருக்கும். ஏறக்குறைய 81 லட்சம் பிரதிகள் போயின என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை அது. ஆனால் அந்த எண்ணிக்கை கடைக்காரர்கள் வாங்கி அடுக்கிய பிரதிகளின் கணக்கே ஒழிய, வாசகர்களின் தலைக்கணக்கு அன்று. ஒருவரே ஐந்தையும் வாங்கினார். சிலர் ஐந்தைந்தாகப் பெட்டியில் பூட்டி, பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு அருமை எங்கிருந்து வரும்? இன்றும் அதைச் சொற்ப விலைக்கு வாங்கலாம். அந்தப் பேராசைக் காலம் அடங்கியபோது ஆயிரக்கணக்கான கடைகள் மூடிக்கிடந்தன. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனுக் கொடுத்தது.

பட்ட பிறகும் புத்தி வந்ததாகத் தெரியவில்லை. இப்போது நடப்பது முன்னைவிட நுட்பமான உபாயம். ஒரு கடைக்காரர் சாதாரண அட்டையில் ஐம்பது பிரதிகள் எடுத்தால்தான், பிரபல ஓவியர் ஒருவரின் அபூர்வ அட்டையில் ஒன்றே ஒன்று எடுக்க அவருக்கு உரிமை உண்டு. சில அட்டைகளுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று, சிலவற்றுக்கு நூற்றுக்கு ஒன்று. அட்டையில் அச்சிட்ட விலை பெரும்பாலும் ஒன்றேதான். ஆனால் விற்காமல் தேங்கப்போகிற மிச்சப் பிரதிகளின் நஷ்டத்தையெல்லாம் அந்த ஒற்றைப் பிரதியின் தலையில் ஏற்றி அவர் ஐம்பதுக்கும் நூறு வெள்ளிக்கும் விற்கிறார், விற்றுத்தான் ஆகவேண்டும். ஏனெனில் இந்த வியாபாரத்தில் எடுத்த சரக்கைப் பெரும்பாலும் திருப்பி அனுப்ப முடியாது. பிரசுரகர்த்தருக்கு ஐம்பத்தொரு பிரதியின் பணம் முன்னதாகவே வந்துவிடுகிறது. சிங்கப்பூர் வாடகையில் ஒரு சின்னக் கடையை நடத்துகிறவர் அடுக்கில் பத்துப் பிரதிகளுக்கு இடம் தேடும்போது, அமெரிக்காவிலிருந்து கூலி கொடுத்து வரவழைத்த நாற்பது உபரிப் பிரதிகள் என்ன பாடுபடுத்தும் என்பதை அவரைத்தான் கேட்கவேண்டும்.

இதில் எனக்கு மிகவும் விநோதமாகப் படுவது ஒன்றுண்டு. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளில், விற்காத இதழ்களுக்குப் பணம் திரும்பப் பெற முழு இதழையும் அனுப்பவேண்டியதில்லை. அட்டையைக் கிழித்து அனுப்பினால் போதும், உள்ளே இருக்கும் கதை குப்பைக்குப் போகவேண்டும் என்பது விதி. கணக்குப்பிள்ளைக்கு அட்டைதான் புத்தகம். இப்போது வாங்குகிறவனுக்கும் அப்படியே ஆகிவிட்டது. அபூர்வ அட்டையுள்ள இதழைத் தர நிர்ணயக் கம்பெனிக்கு அனுப்பி, 9.8 என்று மதிப்பெண் வாங்கி, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிட்டுக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். அதைத் திறந்து படித்தால் மதிப்பெண் போய்விடும். ஒன்றும் வரையாத வெள்ளை அட்டையோடு கூட ஒரு தினுசு விற்கிறது. ஓவியர் எவரையாவது பிடித்து அதில் வரைந்து வாங்கிக்கொள்வதற்காகவாம்.

நம்மவர்களின் பழக்கம் நேர் எதிரானது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வாரந்தோறும் வந்தபோது, மணியத்தின் சித்திரங்களுக்காகவே இதழுக்குக் காத்திருந்தவர்கள்கூட, கடைசியில் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, விளம்பரத்தையும் மேலட்டையையும் ஒதுக்கிவிட்டு, காலிகோ போட்டு பைண்டு செய்துகொண்டார்கள். 1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ என்று தொடங்கி ‘இரும்புக்கை மாயாவி’யை முதல் இதழாக வெளியிட்டாரே, அந்த வரிசை எங்களுக்குச் ‘சிதம்பரம்’ கப்பலில் ஊர் போய் வருகிறவர்களின் பெட்டியில், வேட்டிக்கும் முறுக்குக்கும் நடுவே மடிந்து வந்து சேரும். பஃபலோ ரோட்டில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடமிருந்து என் கைக்கு வரும்போது அது பத்து வீடு சுற்றியிருக்கும். அட்டை போய், முதல் பக்கத்தின் மூலையில் ஈரக்கையின் நார்க்கறை இருக்கும். மாயாவியின் முகம் எந்த அட்டையில் எப்படி இருந்தது என்று யாரும் விசாரித்ததில்லை. கடைசி இரண்டு பக்கங்கள் இருக்கின்றனவா என்பதே ஒரே கவலை.

அட்டையே வேண்டாம் என்பது என் கட்சியன்று. நல்ல அட்டை கதைக்கு வாசல். ஒரே கதையை இரண்டு மேதைகள் இரண்டு விதமாகப் பார்த்தால் இரண்டும் ரசிக்கத்தக்கவையே. இதே சிங்கப்பூரில் சித்திரக்கதைக் கலைஞர் சோனி லியூவின் ‘சார்லி சான் ஹாக் சாய்’ பற்றிய சித்திர நூல் 2015இல் வெளிவந்தபோது, தேசியக் கலை மன்றம் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அச்சாகியிருந்த பிரதிகளில் மன்றத்தின் சின்னத்தை மறைத்துப் பதிப்பகத்தார் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். அந்தத் துண்டுக் காகிதம் ஒரு மாற்று அட்டைதான் என்று சொன்னால் ரசிகர்கள் சிரிக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது, ஒரு சரித்திரம் இருந்தது. அந்த நூல் 2017இல் காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதுகள் மூன்றைப் பெற்றது. அவற்றில் ஒன்று நூல் வடிவமைப்புக்கு. மேலே உள்ள அழகும் உள்ளே உள்ள விஷயமும் ஒரே கையிலிருந்து பிறந்தால் அப்படித்தான் இருக்கும்.

மாற்று அட்டைகளால் ஓவியர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது, நலிந்த கடைகளுக்கு அந்த லாபம் ஊன்றுகோலாக இருக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், பத்துப் பேர் ஐந்து அட்டை வீதம் வாங்குவதால் பிழைக்கும் வியாபாரத்துக்கு அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அலுத்துப்போன அன்றே ஐந்து பிரதிகள் நஷ்டம். ஐம்பதுக்கு ஒன்று என்ற நிபந்தனையைப் பிரசுரகர்த்தர்கள் கைவிடட்டும். வேறு அட்டை வேண்டுகிறவர் முன்பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளட்டும், பதிவான அளவே அச்சாகட்டும். சிவகாசிக் காமிக்ஸ்காரர்கள் சந்தாவை நம்பித்தானே இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்? இன்னொன்று, அட்டையின் முகப்பிலேயே இதழின் எண்ணைக் கிழவனுக்கும் தெரியும்படி கொட்டை எழுத்தில் போடட்டும். அதுவரை பொறுமைசாலிகளுக்கு ஒரு வழி இருக்கிறது: ஆறேழு மாதம் கழித்து இதழ்களைத் தொகுத்து ஒரே புத்தகமாக வெளியிடும்போது, மாற்று அட்டைகளில் பலவற்றைக் கடைசிப் பக்கங்களில் வரிசையாக அச்சிட்டுவிடுகிறார்கள். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் அத்தகைய தொகுதிகளைக் காசில்லாமல் எடுத்து வரலாம்.

என் இரண்டாவது பிரதியை என்ன செய்வது என்று அந்தக் கடைக்காரரையே கேட்டேன். கட்டட விளிம்பு அட்டை பின்னால் விலை போகலாம், உறை பிரிக்காமல் வைத்திருங்கள் என்றார். நான் உறையை ரயிலிலேயே பிரித்துவிட்டேனே! புளோக்கின் கீழ்த்தளத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் அதைக் கொடுத்தேன். அவன் அட்டையை ஒரு விநாடி பார்த்தான். பிறகு முதுகு முறியும்படி அதைப் பின்பக்கமாக மடித்து ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஐஸ் குச்சியைச் சுவைத்தபடி படிக்கலானான். கால் மணி நேரம் கழித்து நான் லிஃப்டுக்குத் திரும்பும்போது, “தாத்தா, அடுத்தது எப்ப வரும்?” என்று கேட்டான்.