எல்லாரும் பறக்கலாம், விமானி எப்போது உறங்குவது?



மலிவுக் கட்டண விமான நிறுவனம் ஒன்று புதிய ஊருக்கு வழித்தடம் திறக்கிறது என்ற செய்தி வந்தால் போதும். நம் புலனக் குழுக்களில் இரண்டு வகைத் தகவல்கள் வலம்வரத் தொடங்கிவிடும். ஒன்று, பயணச்சீட்டின் விலை. மற்றொன்று, "விமானிகளுக்குத் தட்டுப்பாடு! உங்கள் பிள்ளையையும் விமானியாக்குங்கள்!" என்று அழைக்கும் பயிற்சிப் பள்ளி விளம்பரம். முதல் தகவலால் யாருக்கும் கேடில்லை. இரண்டாவதை ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பி வைக்கும் நம் பழக்கத்தைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன்.

வழித்தடங்கள் பெருகுவது வேறு. விமானியின் வாழ்வு உயர்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டிப் பிள்ளைகளின் கனவுக்கும் பெற்றோரின் சேமிப்புக்கும் விலை பேசுகிறார்கள். நாமோ கூலி வாங்காத முகவர்களாக அதற்குத் துணைபோகிறோம்.

வளர்ச்சியை நான் மறுக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மலிவுக் கட்டண விமானச் சேவைக்கு நான் எதிரி அல்லன். 2001 ஆம் ஆண்டின் இறுதியில், இரண்டே விமானங்களோடும் ஏறத்தாழ நான்கு கோடி வெள்ளிக் கடனோடும் தள்ளாடிக்கொண்டிருந்த ஏர் ஆசியாவை டோனி பெர்னாண்டஸ் குழுவினர் ஒரு வெள்ளிக்கு வாங்கினார்கள். 2019 ஆம் ஆண்டில் அந்தக் குழுமத்திடம் இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் இருந்தன. இது சாதனைதான்.

இதனால் நம் மக்களும் பயன்பெற்றார்கள். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏர் ஆசியா பறக்கத் தொடங்கியது. ரஜூலா கப்பலில் நாள்கணக்கில் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நான்கு மணி நேரத்தில் தாத்தாவின் ஊருக்குப் போய் இறங்கினார்கள். சபாவிலும் சரவாக்கிலும் பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வீடு திரும்ப முடிகிறது. "இனி எல்லாரும் பறக்கலாம்" என்ற முழக்கம் வெறும் விளம்பரமாக நின்றுவிடவில்லை. இதையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பயணச்சீட்டின் விலை எப்படிக் குறைந்தது என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

ஒரு விமானம், பல ஊர்கள்

விமானம் வானில் இருக்கும்போதுதான் பணம் ஈட்டும். தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் செலவு. மலிவுக் கட்டணச் சேவையின் அடிப்படை இதுதான். ஆகவே, ஒரே வகை விமானத்தை வாங்குகிறார்கள். எந்த விமானியையும் எந்த விமானத்திலும் ஏற்றலாம். இறங்கிய விமானத்தை 25 நிமிடங்களில் மீண்டும் புறப்பட வைக்கிறார்கள். பயணிகள் இறங்கி, குப்பை அகற்றி, எரிபொருள் நிரப்பி, அடுத்த 180 பேர் ஏறி அமர்வதற்குள் விமானி தன் அடுத்த பறப்புக்கான கணக்குகளை முடித்தாக வேண்டும்.

இந்த முறையில், காலையில் பினாங்குக்குப் போய் வந்த விமானமே நண்பகலில் கோத்தா பாருவுக்கும் மாலையில் மேடானுக்கும் போய் வரலாம். வரைபடத்தில் மூன்று கோடுகள். வானில் ஒரே விமானம். வாரத்துக்கு மூன்று முறை பறக்கும் புதிய வழித்தடம் ஒன்றைத் திறக்கப் புதிய விமானமும் வேண்டியதில்லை. புதிய விமானியும் வேண்டியதில்லை. இருப்பவர்களின் பணி அட்டவணையை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். விளம்பரத்தில் வழித்தட வரைபடத்தைக் காட்டி "இத்தனை வேலைவாய்ப்பு" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

தவிர, திறந்த வழித்தடம் திறந்தபடியே இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஏர் ஆசியா எக்ஸ் 2009 இல் இலண்டனுக்குத் தொடங்கிய சேவை 2012 இல் நிறுத்தப்பட்டது. ஏர் ஆசியா ஜப்பான் 2020 அக்டோபரில் தன் பறப்புகளை அடியோடு முடித்துக்கொண்டது. நிறுவனத்துக்கு அது ஒரு கோட்டை அழிப்பது. அங்கு வேலை பார்த்தவருக்கு அது வீட்டுக் கடன்.

நூறு மணி நேரம் என்னும் மாயை

"விமானிக்கு மாதத்துக்கு நூறு மணி நேரம்தான் வேலையாம், கொடுத்துவைத்தவர்கள்!" என்று ஆசிரியர் அறையிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். 28 நாள்களுக்கு 100 பறப்பு மணி நேரம் என்பது பல நாடுகளின் விதிகளில் உள்ள உச்சவரம்பு. உண்மைதான். ஆனால், அது விமானம் புறப்பட நகரத் தொடங்கி, இறங்கி நிற்கும் வரையிலான நேரம் மட்டுமே. முன்கூட்டியே வந்து வானிலை அறிக்கை பார்ப்பதும், இரு பறப்புகளுக்கு இடையே காத்திருப்பதும், எப்போது அழைப்பு வருமோ என்று வீட்டிலேயே ஆயத்தமாக இருப்பதும் அந்த நூறில் சேராது. நம் பாடவேளைகளை மட்டும் எண்ணிவிட்டு, பயிற்சிப் புத்தகம் திருத்துவதையும் புறப்பாட நடவடிக்கைகளையும் கணக்கில் சேர்க்காமல், "ஆசிரியருக்கு அரைநாள் வேலை" என்று ஒருவர் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அதே அநியாயத்தை நாம் விமானிக்குச் செய்கிறோம்.

காலை ஆறு மணி விமானத்தை ஓட்டுபவர் மூன்று மணிக்கெல்லாம் எழ வேண்டும். இரவில் திருச்சிக்குப் புறப்படும் குழுவே திரும்பியும் வந்தால், ஏறத்தாழ எட்டு மணி நேரப் பறப்பை ஊர் உறங்கும் வேளையில் முடிக்க வேண்டும். இந்த வாரம் விடியற்காலை, அடுத்த வாரம் நள்ளிரவு என்று மாறி மாறி வந்தால் உடம்புக்கு எது இரவு, எது பகல் என்று தெரியாமல் போகும். இவற்றோடு, ஆண்டுக்கு இருமுறை பாவனைக் கருவியில் தேர்வு. குறித்த காலத்தில் மருத்துவச் சோதனை. ஒரு சோதனையில் தவறினால் பறக்க முடியாது. நம் மாணவர்களுக்குத் தேர்வு பள்ளியோடு முடிகிறது. விமானிக்கு அது பணி ஓய்வு வரை தொடர்கிறது.

ஓய்வைச் செலவாகக் கருதினால்

2010 மே 22 அன்று, துபாயிலிருந்து இரவில் பறந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுதளத்தைத் தாண்டிச் சரிந்தது. அதுவும் மலிவுக் கட்டண நிறுவனமே. 158 பேர் மாண்டனர். எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தனர். பறப்பின் பெரும்பகுதியில் தலைமை விமானி உறங்கியிருந்தார் என்பதும், இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்படி துணை விமானி சொன்னதை அவர் ஏற்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன. நெடிய உறக்கத்திலிருந்து விழித்தவரின் மந்தநிலையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது.

2017 செப்டம்பரில், ஐரோப்பாவின் மிகப் பெரிய மலிவுக் கட்டண நிறுவனமான ரையன் ஏர், விமானிகளின் விடுமுறையை ஒழுங்காகத் திட்டமிடாததால் ஏறத்தாழ 20,000 பறப்புகளை நீக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில்தான் அந்நிறுவனம் முதன்முறையாக விமானிகளின் தொழிற்சங்கங்களை ஏற்க இணங்கியது.

அண்மைய சான்று இந்தியாவின் இண்டிகோ. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், வாரத்துக்கு ஆறு இரவுத் தரையிறக்கங்கள் என்பதை இரண்டாகக் குறைத்தும் இந்திய அரசு புதிய விதிகளை வகுத்தது. 2024 தொடக்கத்தில் வெளியான அவ்விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. ஆயத்தமாக இரண்டு ஆண்டுகள் அளவுக்கு அவகாசம் இருந்தது. ஆயினும், டிசம்பர் முதல் வாரத்தில் அந்நிறுவனம் நிலைகுலைந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புகள் நீக்கப்பட்டன. பிறகு நடந்தது என்ன? விமானிகளுக்குக் கொடுத்த ஓய்வின் ஒரு பகுதியைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்றார்கள்!

நூற்றுக்கணக்கான விமானங்களை வாங்கத் திட்டமிடத் தெரிந்த நிறுவனத்துக்கு, விமானியின் பன்னிரண்டு மணி நேரக் கூடுதல் ஓய்வைத் திட்டமிடத் தெரியவில்லை. வழித்தட வளர்ச்சி எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்பதை அந்த ஒரு வாரம் காட்டிவிட்டது.

கடன் யாருடையது?

நம் நாட்டில் விமானி உரிமம் பெறுவதற்கான பயிற்சிக் கட்டணம் மூன்று இலட்சம் வெள்ளி அளவுக்குப் போகிறது. அந்த உரிமம் கைக்கு வந்தவுடன் வேலை வந்துவிடாது. குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் பணம். நிறுவனம் செலுத்தினால், இத்தனை ஆண்டுகள் விலகக் கூடாது என்னும் ஒப்பந்தம்.

என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தை லாரி ஓட்டுநர். வீட்டை அடமானம் வைத்தார். உறவினரிடம் கைமாற்று வாங்கினார். பையன் 2019 இல் உரிமம் பெற்றான். 2020 மார்ச்சில் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டன. விமானங்கள் சிப்பாங்கில் வரிசையாக நின்றன. பணியிலிருந்த விமானிகளே வேலை இழந்தார்கள். புதியவனை யார் எடுப்பார்? தகுதியைக் காலாவதியாகாமல் காப்பாற்ற ஆண்டுதோறும் மேலும் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஈராண்டு கட்டினார்கள், மூன்றாம் ஆண்டு முடியவில்லை. இன்று அவன் பொதிக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளன். உழைத்து உண்கிறான், அதில் இழிவில்லை. ஆனால், தந்தை இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறார். வழித்தடம் சுருங்கினால் நிறுவனம் விமானத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், கடனை மறுசீரமைக்கலாம். லாரி ஓட்டுநர் எதைத் திருப்பிக் கொடுப்பார்?

"ஏழைப் பிள்ளையின் கனவில் மண்ணைப் போடுகிறீர்களே ஆசிரியரே!" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் விமானிகளாக வேண்டும். தலைமை விமானிகளாகவே வேண்டும். கணிதத்திலும் அறிவியலிலும் ஆங்கிலத்திலும் அவர்களை அதற்கு ஆயத்தப்படுத்துவது என் கடமை. அதே கடமை, உண்மையைச் சொல்லவும் என்னைப் பணிக்கிறது. "நான் ஒரு விமானியானால்" என்று ஆண்டுதோறும் கட்டுரை எழுத வைக்கிறோம். வெள்ளைச் சீருடை வருகிறது. உலகம் சுற்றுவது வருகிறது. பெற்றோருக்கு மாளிகை கட்டுவது வருகிறது. நான் திருத்திய கட்டுரைகளில் ஒன்றிலாவது உறக்கம் என்ற சொல் வந்ததில்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று. நாம் கொடுத்த குறிப்புகளில் அது இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. தொழில் வழிகாட்டி நாளுக்குப் பயிற்சிப் பள்ளியின் விற்பனையாளரை அழைக்காதீர்கள். பணியில் இருக்கும் விமானி ஒருவரை அழையுங்கள். "நேற்று எத்தனை மணிக்கு உறங்கினீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

2. பணம் கட்டுமுன் பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கடந்த ஈராண்டுகளில் பயிற்சி முடித்தவர்களுள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? தனிப் பயிற்சிக்கு யார் பணம் கட்டுவார்? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? மருத்துவச் சோதனையில் பிள்ளை தவறினால் கடனுக்கு யார் பொறுப்பு? விடை எழுத்தில் வேண்டும். எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

3. பெருந்தொகை கட்டுவதற்கு முன்பே விமானிக்குரிய முதல்நிலை மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள்.

4. பணி நேரம் முடிந்துவிட்டதால் விமானிக் குழு மாறுகிறது, புறப்பாடு தாமதமாகும் என்று அறிவித்தால், முகப்பில் நிற்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள். களைத்தவர் விலகி ஓய்ந்தவர் வருகிறார் என்பதே அதன் பொருள். களைத்த ஆசிரியர் கரும்பலகையில் தவறாக எழுதினால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். விமானிக்கு அந்த வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

ஒரு தொழிலை மதிப்பது என்பது அதன் சீருடையைப் புகழ்வதோடு முடிவதன்று. அதைச் செய்பவரின் உழைப்பையும் ஓய்வையும் அறிந்திருப்பதே மதிப்பு. பயிற்சிப் பள்ளியின் அடுத்த விளம்பரம் உங்கள் புலனத்துக்கு வரும்போது, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் சேர்த்தே மற்றவருக்கு அனுப்புங்கள். அதற்கும் மனமில்லையென்றால், தயவுசெய்து அனுப்பாமலாவது இருங்கள்.