பணிக்குத்தான் ஓய்வு, கடனுக்கு இல்லை

ஓய்வு பெற்ற பிறகு தொண்டு செய்யுங்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் அறிவுரை வருகிறது. வார இதழ்களின் முதுமைப் பக்கத்தில் வருகிறது, மருத்துவர் பேட்டியில் வருகிறது, காலை வணக்கத்தோடு சேர்ந்து வாட்ஸ்அப்பிலும் வருகிறது. தொண்டு செய்தால் தனிமை போகுமாம், ரத்த அழுத்தம் குறையுமாம், நல்ல தூக்கம் வருமாம். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இந்தப் பேச்சு முழுவதிலும் நன்மை அடைகிறவர் தொண்டு செய்கிறவர்தான். எதிரே நிற்கிறவருக்கு என்ன தேவை என்று ஒருவரும் கேட்பதில்லை.

நாங்கள் அந்த இடத்திலிருந்து கேட்கிறோம். சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள சேரிகளில் ஓய்வு என்பது யாருக்குக் கிடைக்கிறது? கிடைத்தவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்?

இங்குள்ள எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்தவருக்குப் பணி நிறைவு விழா நடந்து நாங்கள் பார்த்ததில்லை. நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பெண்களுக்கு ஓய்வு வயது இவ்வளவு என்று எந்த அரசாணையும் சொல்வதில்லை. தமிழக அரசு ஊழியருக்கு 58 என்றிருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. கூலிக்காரருக்குக் கை ஓய்ந்தால்தான் ஓய்வு. அதன்பின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். 1,000 ரூபாயாக இருந்ததை மாநில அரசு 2023இல்தான் உயர்த்தியது. 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அதில் ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய்.

ஆகவே அறுபதைத் தாண்டியும் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளின் குழந்தைகளை வளர்க்கிறார்கள். பக்கத்து வீட்டில் பிரசவம் என்றாலும் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்கிறார்கள். வாழ்நாள் முழுதும் செய்த இந்த வேலைக்குத் தொண்டு என்று யாரும் பெயர் வைத்ததில்லை. யாரும் சால்வை போர்த்தியதும் இல்லை.

ஓய்வும் ஓய்வூதியமும் கிடைத்த ஒரு சிறு கூட்டமும் நம்மிடம் இருக்கிறது. ஆசிரியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், வருவாய்த்துறை எழுத்தர்கள், காவலர்கள், மின்வாரிய ஊழியர்கள், நெய்வேலி நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் இடஒதுக்கீட்டால் படித்து, இடஒதுக்கீட்டால் வேலைக்குப் போனவர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களிடம் போக வேண்டிய உங்களுக்காக எழுதுகிறோம்.

அவர்கள் சேரியை விட்டுச் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் சென்னைக்கும் குடிபோனதில் எங்களுக்கு வருத்தமில்லை. சாதி கெட்டிப்பட்ட கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று சொன்னவரே அம்பேத்கர்தான். எங்கள் சண்டை, ஓய்வுக்குப் பின் அவர்கள் தொண்டு என்று எதைச் செய்கிறார்கள் என்பதோடு.

முதல் வகை, கோயில் திருப்பணிக்கு நன்கொடை. கல்வெட்டில் பெயர் வருகிறது. அந்தத் தேர் சேரித் தெருவுக்கு வருமா என்பதைப் பற்றி மட்டும் பேச்சு வருவதில்லை. இரண்டாவது வகை, ஆண்டுக்கொரு முறை ஏப்ரல் 14 அன்று நோட்டும் பேனாவும் கொடுப்பது. கொடுத்த நோட்டைவிட வைத்த பிளெக்ஸ் பெரிதாக இருக்கிறது. மூன்றாவது வகை, குடியிருப்போர் நலச் சங்கம், நடைப்பயிற்சிக் குழு, ஓய்வூதியர் சங்கம். அகவிலைப்படி நிலுவைக்காக மனு எழுதவும், துறைக்குத் துறை அலையவும், தேவையானால் நீதிமன்றம் போகவும் நம் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. அந்தத் திறமையில் பத்தில் ஒரு பங்கு சேரிக்கு வந்திருந்தால் எத்தனை குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்திருக்கும்?

நாங்கள் கேட்பது அவர்களுடைய பணத்தை அல்ல. முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகத்துக்குள் உட்கார்ந்து கற்றதைக் கேட்கிறோம். அது கடையில் கிடைக்காது, கல்லூரியிலும் கிடைக்காது. சமூகவியலில் முதுகலை முடித்த எங்களுக்கே கிராமக் கணக்கைப் படிக்கத் தெரியாது. ஓய்வு பெற்ற ஒரு கிராம நிர்வாக அலுவலர் அதைப் பத்து நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடுவார்.

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. பஞ்சமி நிலம் என்கிறோம். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது. பழைய ‘அ’ பதிவேட்டில் ‘டி.சி.’ நிலம் என்று இருந்தது பிறகு எந்தக் கட்டத்தில் வெறும் பட்டா நிலமாக மாறியது? 1980களில் நடந்த யு.டி.ஆர். நிலப்பதிவில் யார் பெயர் புதிதாக ஏறியது? மேடையில் ‘பஞ்சமி நிலத்தை மீட்போம்’ என்று நாம் முழங்குகிறோம். எந்த சர்வே எண் என்று அதிகாரி திருப்பிக் கேட்டால் வாயடைத்து நிற்கிறோம். அந்த எண்ணைத் தேடி எடுக்கத் தெரிந்தவர் மாலையில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார்.

வன்கொடுமை வழக்கையும் பாருங்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் வழக்குப் பதியலாம். ஆனால் சம்பவம் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்தது என்பது புகாரிலேயே தெளிவாக இருக்க வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டதால் வழக்கு பலவீனப்படும். அந்த வரியின் மதிப்பு ஓய்வு பெற்ற தலைமைக் காவலருக்குத் தெரியும். 60 நாட்களுக்குள் விசாரணை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது விதி. 2016 விதித் திருத்தத்தின்படி குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை நிவாரணம் உண்டு. அது கட்டம் கட்டமாக வர வேண்டும். எந்த மேசையில் கோப்பு நிற்கிறது, யாரிடம் எந்தச் சொல்லில் கேட்டால் நகரும் என்பது ஆதிதிராவிடர் நலத்துறையில் எழுத்தராக இருந்தவருக்குத் தெரியும்.

இதே சட்டத்தின் விதி 17, மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும் என்கிறது. அதில் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை இருக்கலாம். கோட்ட அளவிலும் இதேபோல ஒரு குழு உண்டு. அந்த நாற்காலிகள் யாருக்காக? அதிகாரியின் மொழியில் அதிகாரியிடமே பேசக்கூடியவர்கள் அங்கே உட்கார வேண்டாமா? குழு கூடவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு இடமாற்றமும் இல்லை, குறிப்பாணையும் இல்லை. இனி யாருக்குப் பயம்?

பள்ளிக்கூடத்துக்கும் இதுதான். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்துக்குத் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வேலை கிடைக்காதவர்கள் தொண்டு செய்தார்கள். வேலை முடித்து ஓய்வூதியம் வாங்குகிற ஆசிரியர்கள் எங்கே இருந்தார்கள்? பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் கூலிக்காரத் தாய்மார்களுக்குத் தீர்மானம் எழுதக் கற்றுக்கொடுப்பது, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்று பார்த்துச் சொல்வது, ஆதிதிராவிடர் நல விடுதியில் சோறும் கழிப்பறையும் எப்படி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது. இதற்கெல்லாம் வயது ஒரு தடையே இல்லை.

எங்களிடம் திருப்பிக் கேட்பார்கள். ‘நான் உழைத்துச் சம்பாதித்தேன். என்னை மட்டும் ஏன் கடன்காரன் என்கிறீர்கள்? ஆதிக்க சாதியில் ஓய்வு பெற்றவரிடம் போய் இதைக் கேட்பீர்களா?’ நியாயமான கேள்வி. பணியில் இருந்த காலமெல்லாம் தனி டம்ளரையும் ‘கோட்டாவில் வந்தவன்’ என்ற ஏச்சையும் தாங்கியவர்கள் அவர்கள். அவர்களுக்கு நிம்மதி வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பளம் அவர்கள் உழைப்புக்குக் கிடைத்தது. அந்த வேலையின் கதவு திறந்ததோ பலருடைய போராட்டத்தால். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, படித்து வெளியே போகிறவர் திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்று நினைத்தா தொடங்கினார்? காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் தலைமையிலான குழு நாடு முழுவதும் சுற்றித் தீண்டாமையைப் பதிவு செய்து 1969இல் அறிக்கை கொடுத்தது சிலருக்கு வேலை வாங்கித் தருவதற்கா? 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டதாக வேதனைப்பட்டார். அந்த வேதனைக்குப் பதிலாகத்தான் அரசு ஊழியர்களைத் திரட்டி, சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்து என்ற முழக்கத்தோடு கன்ஷிராமும் தோழர்களும் 1978 டிசம்பர் 6இல் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கினார்கள். பணியில் இருக்கும்போதே திருப்பிச் செலுத்தச் சொன்ன இயக்கம் அது. நாங்கள் பணி முடிந்த பிறகாவது என்கிறோம்.

ஆதிக்க சாதியில் ஓய்வு பெற்றவரிடமும் கேட்கிறோம். ஓய்வுக்குப் பின் எப்படி வாழலாம் என்று காட்டியவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எஸ்.ஆர். சங்கரன், ஆந்திரத்தில் கொத்தடிமை ஒழிப்புக்காக உழைத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1992இல் ஓய்வு பெற்றார். அதன்பிறகு கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்கப் போராடிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலனோடு 2010இல் இறக்கும்வரை நின்றார். பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது வேண்டாம் என்றார். பி.எஸ். கிருஷ்ணன் 1990இல் ஓய்வு பெற்று, 2019இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டும் வாதாடிக்கொண்டும் இருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வலுப்படுத்திய 2015 திருத்தத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. இருவரும் தலித்துகள் அல்ல. இருவரும் கொடுத்தது, உள்ளே இருந்து கற்ற நிர்வாக அறிவு. அதே அறிவு தாலுகா அளவில் நம் பெரியவர்களிடம் இருக்கிறது.

மாணவத் தோழர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. ஓய்வு பெற்றவர்களை ‘அரசு அடிமைகள்’ என்று முகநூலில் கிண்டல் செய்வது எளிது. அவர் வீட்டுக் கதவைத் தட்டி, ‘ஐயா, இந்த மனுவைக் கொஞ்சம் பாருங்கள்’ என்று கேட்பது கடினம். இதுவரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நம் கூட்டங்களுக்குத் தலைமை தாங்க அழைக்கிறோம், மாலை போடுகிறோம், நன்கொடை ரசீது நீட்டுகிறோம். வேலை கொடுப்பதில்லை. ஓய்வு பெற்ற பெண் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் அழைப்பது அதைவிடவும் குறைவு.

காலமும் அதிகம் இல்லை. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் தள்ளப்பட்டார்கள். நிரந்தர வேலைகளே ஒப்பந்த வேலைகளாகச் சுருங்குகின்றன. பழைய ஓய்வூதியத்தின் நிம்மதியும் அலுவலக அனுபவமும் ஒன்றாகச் சேர்ந்த தலைமுறை நம் சேரிகளில் இதுவாகவே இருக்கலாம். அவர்களோடு அந்த அறிவும் சுடுகாட்டுக்குப் போய்விடக் கூடாது.

எனவே ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் சேரியில் பிறந்து எங்கெங்கோ ஓய்வு பெற்று இருப்பவர்களின் பட்டியலை எழுதுங்கள். பெயர், துறை, கடைசியாக வகித்த பதவி, போன் எண். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், இரவுப் பள்ளிக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போடுங்கள். ஊருக்கு வர முடியாதவரிடம் மனுவைப் படமெடுத்து அனுப்பித் திருத்தி வாங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அவர் இல்லாத நாளில் அந்த மேசை காலியாகக் கிடக்கக் கூடாது. வருகிற ஏப்ரல் 14 அன்று பிளெக்ஸ் வைப்பதானால், அந்த ஆண்டில் எத்தனை மனு கொடுத்தோம், எத்தனை பட்டா வாங்கினோம், எத்தனை உதவித்தொகை வந்தது என்ற கணக்கை அதில் எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.