ஆளில்லாத கரை என்று ஒன்று இல்லை

கற்பிட்டியில் இறங்கி மன்னார் வரைக்கும் கயாக்கில் போக வேண்டும் என்ற ஆசை இப்போ நம்ம வயசு ஆட்கள் பல பேருக்கு வந்திருக்கு. வாட்ஸ்அப் குரூப்புகளில் ஓடும் திட்டங்களைப் பார்த்தால் எல்லாமே ஒரே அச்சு. முதல் வரி: "ஆளில்லாத கரை, கை படாத கடல்." இரண்டாவது வரி: கூடாரம், ட்ரோன், பவர் பேங்க். மூன்றாவது வரி: ஆளுக்கு எவ்வளவு காசு. முடிஞ்சுது திட்டம்.

அந்த முதல் வரி ஒரு பொய். பொய்யில் தொடங்குகிற பயணம் கரையில் இருக்கிறவங்களுக்கு அநியாயம், போகிற நமக்கு ஆபத்து. இதைச் சொன்னால் "ஏன்டா எல்லாத்துலயும் அரசியல்?" என்று கேட்பீங்க. பரவாயில்லை, கேளுங்க. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கரையைப் பற்றி. மன்னார்ப் பக்கம் இலங்கையில் மழை குறைந்த இடங்களில் ஒன்று. சரியாகச் சொன்னால் பாலைவனம் இல்லை. ஆனால் மாத்தளையின் ஈரத்திலிருந்து போகிறவருக்கு அப்படித்தான் தெரியும்: மணல்மேடு, முள்ளுப் பற்றை, பனை, உப்பளம், ரோட்டில் திரியும் கழுதைகள், பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம். பச்சையைக் காணாவிட்டால் "இங்க ஒண்ணும் இல்ல" என்று முடிவுகட்டுவது மலைநாட்டுக் கண்ணின் பழக்கம். ஆனால் அந்த மணலில் துண்டு துண்டாகக் கணக்கு இருக்கு. கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்பார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமைக்காரர் உண்டு, இழுக்க முறை உண்டு. பருவத்துக்கு வந்து தங்கும் மீனவர்களின் வாடிகள் உண்டு. அரிப்பு, சிலாவத்துறைக் கடலுக்கடியில் முத்துப் பார்கள் இருந்தன. 1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் லெனார்ட் வுல்ஃப் அதிகாரியாக வேலை பார்த்தபோது, நீங்கள் "வெறும் மணல்" என்று சொல்லும் அதே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் தங்கிய ஒரு தற்காலிக ஊரே எழும்பி மறைந்தது.

சில இடங்கள் இன்றைக்கு உண்மையாகவே வெறுமையாகத் தெரியும். ஆனால் அந்த வெறுமை இயற்கை தந்தது இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்தார்கள். நீங்கள் வரைபடத்தில் நீலக்கோடு போட்டு வைத்திருக்கும் அதே கடல்தான், எதிர்த் திசையில். அவர்களிடம் உயிர்காப்பு அங்கியும் இல்லை, திரும்பி வரும் தேதியும் இல்லை. தெற்கே முள்ளிக்குளத்தில் 2007இல் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு ஊர் கடற்படை முகாமானது. 2017இல் வாரக்கணக்கில் தெருவில் இருந்து போராடிய பிறகுதான் காணியில் ஒரு பகுதியையாவது விட ஒத்துக்கொண்டார்கள். இப்படி ஆளை எழுப்பிவிட்ட கரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து "ஆளே இல்லாத சொர்க்கம்" என்று போடுவது என்ன மாதிரியான பார்வை?

இந்தப் பார்வை எப்படி வலிக்கும் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. செம்புவத்த ஏரிக்கும் ரிவர்ஸ்டனுக்கும் வாரக் கடைசியில் வாகனம் வாகனமாக வருகிறார்கள். வழியில் கொழுந்து எடுக்கும் பெண்களைக் கண்டால் வேனை நிறுத்துவார்கள், கேட்காமலே படம் எடுப்பார்கள். கீழே "இயற்கையின் மடியில்" என்று எழுதுவார்கள். அந்தப் படத்தில் லயத்துக் கூரை வராது, நாட்சம்பளம் வராது, அட்டைக்கடி வராது. மனுசர் வாழ்கிற இடம் ஒரே கிளிக்கில் காட்சியாகிவிடும். "எங்க அம்மா என்ன சீனறியா?" என்று நமக்கு ஆத்திரம் வருதுதானே? அப்படியென்றால் அரிப்பிலும் வங்காலையிலும் வலை தட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதே ஆத்திரத்தை நாம் கொடுக்கக் கூடாது.

சரி, நியாய அநியாயத்தை ஒதுக்கி வைப்போம். உயிரைப் பற்றிப் பேசுவோம். கரையில் ஆள் இருக்கிறார்கள் என்று நினைக்காத திட்டம், அந்த ஆட்களுக்குத் தெரிந்ததைக் கேட்காத திட்டமாகவும் இருக்கும். அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

காற்றை எடுங்க. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கைட்சர்ஃபிங் செய்கிறவர்கள் கற்பிட்டியைத் தேடி வருவதே அந்தக் காற்றுக்காக. இலங்கை மின்சார சபை 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனியைத் திறந்ததும் அதே காற்றை நம்பித்தான். அவர்களுக்கு வரம், கயாக்குக்கு எமன். ஓகஸ்டில் கம்பஸ் லீவு கிடைக்குது என்பதற்காக ஓகஸ்டில் இறங்கினால், நாள் முழுக்கத் துடுப்புப் போட்டும் நினைத்த இடத்தில் கரையேற முடியாது. வருசக் கடைசியில் வாடைக்காற்று. இடையில் மார்ச், ஏப்ரல்தான் கடல் கொஞ்சம் அடங்கும், ஆனால் வெயில் கொல்லும். விடியுமுன் இறங்கி, கடற்காற்று எழும்புமுன் பத்து மணிக்குள் கரையேற வேண்டும். எந்தத் திருப்பத்தில் அலை உடையும், எங்கே பார் இருக்கு, எங்கே வலை கட்டியிருக்கு என்பது கூகுள் வரைபடத்தில் கிடையாது. அது கரையில் இருக்கும் ஐயாமாருக்குத் தெரியும்.

தண்ணீரை எடுங்க. அந்த வெயிலில் துடுப்புப் போடும் ஒருவருக்குச் சமையலோடு சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லீற்றர் வேண்டும். நாலு பேர், ஐந்து நாள்: 80 லீற்றர். அதாவது 80 கிலோ. நான் பார்த்த எந்தத் திட்டத்திலும் இந்தக் கணக்கு இல்லை, ட்ரோனுக்கு எத்தனை பேட்டரி என்பது மட்டும் இருந்தது. ஓடையைக் கண்டால் குனிந்து குடித்து வளர்ந்தவர்களுக்கு, தண்ணீர் என்பது வழியில் கிடைக்கும் சாமான். அங்கே அப்படி இல்லை. குதிரைமலைப் பக்கம் வில்பத்து தேசியப் பூங்கா கடல் வரைக்கும் வருது. அந்தத் துண்டில் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்க வீடு கிடைப்பது அரிது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் இறங்கித் தங்குவது சட்டப்படி குற்றமும் கூட.

இனிக் கடல் எல்லை. 1974, 1976 ஒப்பந்தங்களில் கோடு போட்ட கடல் இது. இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுந்து நொந்துபோன மீனவர்கள் ஒரு பக்கம், ரோந்து போகும் கடற்படை மறுபக்கம். தலைமன்னாருக்கு வெளியே ஆதாம் பாலத்துத் திட்டுகள் 2015 முதல் தேசியப் பூங்கா. அந்த இடத்தில் பேர் தெரியாத சின்னப் படகு ஒன்று விடியற்காலையில் போனால், பார்க்கிறவருக்குச் சாகசம் தெரியாது, சந்தேகம்தான் தெரியும். அதுவும் தமிழ்ப் பெயரோடு, அடையாள அட்டையை ஈரப் பையின் அடியில் போட்டுக்கொண்டு. இதையும் நான் விளக்க வேண்டுமா?

பறவைகளையும் சொல்ல வேண்டும். வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது, 2010இல் ராம்சார் ஈரநிலமானது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இரை தேடும் கூட்டத்துக்குள் கயாக்கை விட்டு, பூநாரைகள் எழும்பும் அழகை வீடியோ எடுக்கிறவருக்கு ஒரு நிமிசச் சந்தோசம். பறவைக்கு அது வீணாய்ப் போன பலம்.

"இவ்வளவு அனுமதி கேட்டால் அதுல என்ன சாகசம்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவைப் பாருங்க. பாலைவனக் கரையோரம் கயாக் விடுகிறவர்களுக்கு உலகத்திலேயே பெயர்போன இடம் அதுதான். அங்கே லொரேட்டோ குடாவை 1996இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். வெளியிலிருந்து வந்த பெரிய மீன்பிடிக் கப்பல்கள் கடலைச் சுரண்டுவதைப் பொறுக்காமல் அந்த ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. இன்றைக்கு அந்தத் தீவுகளுக்குக் கயாக்கில் போகிறவர்கள் கட்டணம் கட்டி, அனுமதி எடுத்து, ஒதுக்கிய இடத்தில்தான் கூடாரம் போட வேண்டும். அதனால் அங்கே சாகசம் குறைந்துபோகவில்லை. கேட்காமல் நுழைவதுதான் துணிச்சல் என்றால், தோட்டத்துக்குள் கேட்காமல் வேனை விடுகிறவர்கள் எல்லாரும் வீரர்கள்தான்.

இன்னொரு குரலும் இருக்கு, அது நம்ம பக்கத்திலிருந்தே வரும்: "தோட்டத்துப் புள்ளைகளுக்கு எதுக்குக் கடல்?" இதோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. நம்ம ஆட்கள் கடல் தாண்டித்தான் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, அதே வறண்ட காட்டு வழியால் நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு ஏறினார்கள். தாகத்திலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர். 2023இல் மலையகத்தின் 200 வருசத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை, அது அந்த வழிதான். ஊர் ஊராகத் தங்கி, சனத்தோடு பேசிப் பேசி வந்த பயணம். கடல் நமக்கு அந்நியம் இல்லை. ஆனால் உறவுக்காரன் மாதிரிப் போக வேண்டும், துரை மாதிரிப் போகக் கூடாது.

ஆகவே போங்க. போகாதீங்க என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. முதலில் நீந்தப் பழகுங்க. கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவதைக் களப்பில் பத்துத் தரம் செய்து பாருங்க. பிறகு கயாக் இல்லாமல் ஒரு தரம் பஸ்ஸில் மன்னாருக்குப் போங்க. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களில் போய் உட்கார்ந்து, எந்த மாதம், எந்தப் பாடு, எங்கே கரையேறலாம் என்று கேளுங்க. காற்றாலைகள் இன்னும் கூடுவதை எதிர்த்து 2025இல் அவர்கள் ஏன் தெருவில் நின்றார்கள் என்பதையும் அப்படியே கேளுங்க. கடற்படைக்கும் பொலிசுக்கும் பெயர், தேதி, பாதை எழுதிக் கொடுங்க. வழிகாட்ட ஒரு உள்ளூர்ப் படகை வாடகைக்கு எடுங்க, ட்ரோனுக்கு வைத்த காசு அதற்குப் போகட்டும். "இங்க வேணாம் தம்பி" என்று ஒரு ஊர் சொன்னால் அந்த ஊரை விட்டுவிட்டுப் போங்க.

திட்டத்தின் முதல் வரியை இப்பவே அழிச்சிடுங்க. அந்த இடத்தில், முதல் இரவு எந்த ஊரில், யாரைக் கேட்டுத் தங்கப் போறீங்க என்று எழுதுங்க. அதை எழுத முடியாத வரைக்கும் கயாக்குக்கு முற்பணம் கட்டாதீங்க.