சலதாரை ஜலமும் கொல்லைத் தோட்டமும்

ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை வெண்ணுரை பொங்கி வருவதைக் கண்டு நம்மவர்கள் பெங்களூர் நகரத்தார்மீது சினங் கொள்வது முற்றிலும் நியாயமே. ஆயினும், வழக்காட வருபவன் சுத்தமான கைகளுடன் வரவேண்டுமென்பது நியாய ஸ்தலங்களின் பழைய விதி. பேரிகை முதலிய நமது எல்லைப்புறத்து ஊர்களில் வீட்டுச் சலதாரை எங்கே போய் முடிகிறதென்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பாரானால், நாம் என்ன விடை கூறப்போகிறோம்?

அந்த ஜலம் எளிதில் வந்ததன்று. நிலத்தடி நீரில் ப்ளோரைடு மிகுந்து, ஜனங்களின் பற்களும் எலும்புகளும் கெட்டு வந்தமையால், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கென்று ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் ஏற்பட்டு, 2013-இல் துவக்கப்பட்டது. காவிரியை யந்திரங்களைக் கொண்டு மேட்டுக்கு ஏற்றுகிறோம். 2019-இல் தோன்றிய ஜல் ஜீவன் திட்டமோ கிராமத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர். அதில் பாதிக்கு மேல் குளித்த நீராகவும், துவைத்த நீராகவும், பாத்திரம் கழுவிய நீராகவும் வெளியேறித் தெருவிலே கொசுவை வளர்க்கிறது. கொல்லையிலே வாழை வாடி நிற்கிறது!

நம் பாட்டிமார் கிணற்றடியில் வாழையும் தென்னையும் வைத்தது அழகுக்காகவன்று. ஆனால் அவர்கள் தேய்த்தது சீயக்காயும் சாம்பலும். இன்று சலவைத் தூளிலுள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுக்கிவிடும். ஆதலின் பழைய வழக்கத்தை அப்படியே திருப்பினால் போதாது. சமையலறை நீரின் எண்ணெய்ப் பிசுக்கை ஒரு சிறு தொட்டியில் தங்கவிட்டு, ஜல்லி, மணல், கரி இட்ட குழியின் வழியே செலுத்தி, அக்குழியின்மேல் கல்வாழையை நட வேண்டும். அவ்வாறு வடிந்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் எலுமிச்சைக்கும் வேரடியில் பாய்ச்சலாம். பச்சையாய்த் தின்னும் கீரைக்கும் கிழங்குக்கும் ஆகாது. ஒரு நாளைக்குமேல் தேக்கி வைத்தால் நாறும். மலக்கழிவு ஒரு சொட்டும் இதில் கலத்தல் கூடாது.

கலந்தபின் பிரிப்பது எத்தனை கஷ்டமென்பதற்குச் சாக்ஷி நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. பேரிகைக்கு அப்பால் எல்லை தாண்டினால் கோலார் ஜில்லா. அங்குள்ள வறண்ட ஏரிகளை நிரப்பப் பெங்களூரின் கழிவு நீரைச் சுத்தி செய்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அனுப்புவதென்று கர்நாடக சர்க்கார் திட்டமிட்டு, 2018-இல் அதைத் தொடங்கினர். வறண்ட ஏரிகளில் நீரைக் கண்ட குடியானவர் மகிழ்ந்தனர். அதை நாம் இகழவில்லை. ஆனால் இரண்டு கட்டச் சுத்தி மாத்திரம் போதுமா, கிணற்று நீர் கெடாதா என்ற தர்க்கம் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. ஆலைக் கழிவும் மலஜலமும் குளித்த நீரும் ஒரே கால்வாயில் கூடியதன் பலன் இது. வீட்டு வாயிலிலேயே பிரித்தால் சில கூடை ஜல்லி போதும்.

ஓசூரின் ஒண்டுக் குடித்தனங்களில் கொல்லை ஏது என்பர். உண்மையே; அங்கே பொறுப்பு வாடகை வாங்குவோரைச் சாரும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சர்க்கார், கொல்லையுள்ள புது வீடுகளுக்கு இதையும் விதிக்கத் தயங்குவானேன்? சட்டம் வருமுன்னரே, அக்டோபர் 2-ஆம் தேதிக் கிராம சபையில் பேரிகையார் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, முதற்குழியை ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கைகழுவும் குழாயடியில் வெட்டச் செய்யலாம்.