எத்தனை நாள் ‘கரண்ட்’?

கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தமிழர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கரண்ட் வைப்பது’. பெங்களூரின் மர்பி டவுன் வாசிகளும் இதற்கு விலக்கல்ல. மூளைக் கட்டி என்றால் நிம்ஹான்ஸில் ஆபரேஷன், பக்கத்திலேயே உள்ள கித்வாய் மருத்துவமனையில் கரண்ட் என்பது பெங்களூரில் பலர் நடந்த பாதை. அல்சூர் பக்கத்திலிருந்து தினமும் அவ்வளவு தூரம் போய் வர வேண்டும். ஆட்டோ செலவு ஒருபுறம். துணைக்குப் போகிறவரின் கூலி மறுபுறம். எனவே டாக்டரிடம் குடும்பம் கேட்கும் முதல் கேள்வியே எத்தனை நாள் என்பதுதான்.

பதில் ஆளுக்கு ஆள் மாறும்போதுதான் குழப்பம். ஒருவருக்கு 30 நாள். அதே நோய் உள்ள முதியவருக்கு 15 நாள். ‘வயசானவர் என்று கைகழுவி விட்டார்களா? காசில்லாதவர் என்று குறைத்து விட்டார்களா?’ குடும்பத்துக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் டாக்டர் போடும் கணக்கே வேறு.

திசு உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. கிளையோபிளாஸ்டோமா என்ற வீரியமான மூளைக் கட்டிக்கு வழக்கமான அளவு 60 கிரே. நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் ஆறு வாரம். இந்த எண் சும்மா வந்ததல்ல. 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 45 கிரே பெற்றவர்களின் சராசரி ஆயுள் 9 மாதம். 60 கிரே பெற்றவர்களுக்கு 12 மாதம். அப்படியானால் இன்னும் கூட்டினால்? அமெரிக்காவில் 70 கிரே வரை கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஓர் எல்லையைத் தாண்டினால் கட்டியோடு நல்ல மூளையும் வெந்துபோகும். மூளைத்தண்டும் பார்வை நரம்பும் தாங்கும் அளவு 60-ஐ விடவும் குறைவு.

முதியவர்களின் கணக்கு தனி. கனடாவில் 60 வயது தாண்டியவர்களில் ஒரு பாதிக்கு ஆறு வாரத்தில் 60 கிரே, மறு பாதிக்கு மூன்று வாரத்தில் 40 கிரே கொடுத்தார்கள். 2004-ல் வெளியான முடிவு: இரு தரப்புக்கும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றே. மிஞ்சியிருப்பது சில மாதங்கள் என்னும்போது, அதில் மூன்று வாரத்தை மருத்துவமனை வராந்தாவில் கழிக்காமல் வீட்டில் கழிப்பது சின்ன லாபமல்ல. 2017-ல் இன்னொரு ஆய்வு, இந்த 15 நாள் சிகிச்சையோடு டெமோசோலமைட் மாத்திரையும் சேர்த்தால் சராசரி ஆயுள் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமாகக் கூடுவதைக் காட்டியது. மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஐந்தே நாளில் 25 கிரே போதும் என்று சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வு 2015-ல் சொன்னது.

வீரியம் குறைந்த கட்டிகளில் விவகாரம் வேறு மாதிரி. நோயாளி பல்லாண்டு வாழப் போகிறவர். பின்விளைவும் கூடவே வாழும். 1996-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 45 கிரேயும் 59.4 கிரேயும் ஒரே பலனைத்தான் தந்தன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் ராகேஷ் ஜலாலி குழுவினர் 3 முதல் 25 வயது வரையிலான 200 பேரிடம் ஆய்வு நடத்தி 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் அளவு ஒன்றுதான்: 30 நாளில் 54 கிரே. ஆனால் கட்டியை ஒட்டிக் குறுக்கிக் குறிவைத்துப் பெற்றவர்களுக்கு அறிவுத்திறனும் ஹார்மோன் சுரப்பும் மேலாக இருந்தன. எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம்.

ஆக, நாள் கணக்கைத் தீர்மானிப்பவை பயாப்ஸி முடிவு, கட்டி இருக்கும் இடம், வயது, நோயாளி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் தெம்பு ஆகியவை. குறைந்த நாள் என்பது மட்டமான சிகிச்சை அல்ல. அதற்காக, 30 நாள் தேவைப்படும் இளவயதுக்காரர் தலைவலி விட்டதும் பாதியில் நின்றுவிடவும் கூடாது. போக்குவரத்துக்குப் பணமில்லை என்றால் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. எத்தனை நாள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏன் அத்தனை நாள் என்றும் குடும்பம் கேட்கலாம். பதில் சொல்வது டாக்டரின் கடமை.