இனாம் தபாலின் கிரயம்

அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர் தமது உத்தியோகக் கடிதங்களுக்கு ஸ்டாம்பு ஒட்டுவதில்லை. ஸ்டாம்பு இருக்கவேண்டிய மூலையில் அவருடைய கையெழுத்தே போதும். 1775 முதல் வந்த வழக்கம் இது. 1873-ல் இதை ஒழித்தார்கள். பிறகு சிறிது சிறிதாக மீட்டுக்கொண்டார்கள்.

இதை இனாம் என்பது சொல்லளவில்தான். தபால் ஸ்தாபனத்துக்குரிய கூலி பொக்கிஷத்திலிருந்து போகிறது. 1988-ம் நிதியாண்டில் அவ்வாறு போன தொகை சுமார் 11 கோடி 30 லட்சம் டாலர்! இவ்வளவும் ஜனங்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதவா? அப்படியானால் தேர்தல் ஆண்டுகளில் செலவு ஏறுவானேன்? பிரதிநிதியின் பிரதாபங்களை விவரிக்கும் பத்திரங்கள் கேளாமலே வீடு தேடி வந்தன. அவரை எதிர்த்து நிற்பவரோ ஒவ்வொரு தாளுக்கும் வேறு பணம் தேடவேண்டும். அவர் செலுத்திய வரியும் அந்த இனாம் தபாலில் சேர்ந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. தேர்தலுக்கு முந்திய 60 நாட்களில் ஒரே கடிதத்தை ஊரெங்கும் அனுப்பலாகாதென்று இன்று சட்டம் உண்டு. 61-ம் நாளைப்பற்றி அது வாய் திறவாது.

செலவு இறங்கியது உபதேசத்தால் அன்று. பிரதிநிதி சபையில் ஆளுக்கு இவ்வளவென்று வரம்பு கட்டி, யார் எவ்வளவு செலவிட்டார் என்பதைப் பகிரங்கப்படுத்த 1990-ல் விதி செய்தார்கள். பெயருக்கு நேரே தொகை அச்சேறியதும் கை குறுகிற்று. மின்னஞ்சலும் பின்னர் துணை செய்தது; ஆனால் குறைவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பிரிட்டிஷ் பார்லிமெண்டார் 1840-ல், பென்னித் தபால் ஏற்பட்டபோது, தமது பழைய கையெழுத்துச் சலுகையை அடியோடு விட்டார்கள். அமெரிக்கர் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. வாக்காளர் எழுதிய கடிதத்துக்குப் பதில் பொதுப்பணத்தில் போகட்டும். கேளாத கடிதத்துக்கு அனுப்புகிறவரே ஸ்டாம்பு வாங்கி ஒட்டட்டும்.