‘ழான்’ என்னும் நுழைவுத்தேர்வு

கடந்த வாரம் ஓர் இணையவழிக் கருத்தரங்கு. தமிழ்வழியில் கல்வியியல் பயின்ற மாணவி ஒருவர் குழந்தைகளின் மொழிவளர்ச்சி குறித்து நல்லதொரு கட்டுரையை வாசித்தார். ‘ஜீன் பியாஜே’ என்று மூன்று முறை சொன்னார். வாசித்து முடித்ததும் அமர்வுத் தலைவர் எழுப்பிய முதல் வினா மொழிவளர்ச்சி பற்றியதன்று. “அவர் ஜீன் இல்லை அம்மா, ழான்” என்றார். வாழைப்பழத்தின் ழகரத்தை நாவை முழுக்க வளைத்து ஒலித்துக் காட்டினார். சிலர் சிரித்தனர். அதன்பின் அம்மாணவி எந்த வினாவுக்கும் ஓரிரு சொற்களுக்கு மேல் விடையளிக்கவில்லை.

டாக்குரியாவின் வாடகை அறையொன்றில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த நானும் அப்போது வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இப்பதிவுக்குக் காரணம்.

முதலில் ஒலியியல். அந்தப் பிரெஞ்சுப் பெயரின் முதல் ஒலி, ஆங்கிலத்தில் ‘விஷன்’ என்னும் சொல்லின் நடுவே வருகின்ற ஒலிப்புடை உரசொலி. தமிழ் ழகரமோ வளைநா ஒலி. அதில் உரசலே இல்லை. இரண்டுக்கும் பிறப்பிடம் வேறு, முயற்சி வேறு. ஜகரம் தடையுரசொலி, அதன் தடை நீங்கியபின் எஞ்சும் பாதி, ஏறத்தாழ அந்தப் பிரெஞ்சு ஒலியேதான். பிரெஞ்சுக்காரர்களும் ஒரு காலத்தில் இப்பெயரைத் தடையுரசொலியுடன்தான் தொடங்கினர். 13ஆம் நூற்றாண்டளவில்தான் அது வெறும் உரசொலியாகத் தளர்ந்தது. ஆக, ‘ஜீன்’ உயிரில் பிழை. ‘ழான்’ மெய்யில் பிழை. ஒரு பிழை மற்றொரு பிழையைப் பார்த்துச் சிரித்த கதைதான் அன்று நடந்தது.

ழகரம் இந்த வேலைக்கு எப்படி வந்தது? என் ஊகம் இது. தமிழின் ழகரத்தை ரோமன் எழுத்தில் எழுத நாம் இசட், எச் என்னும் இரண்டெழுத்தைப் பயன்படுத்துகிறோம். ஆங்கில அகராதிகள் பலவும் ‘விஷன்’ ஒலியைக் குறிக்க அதே இரண்டெழுத்தைப் பயன்படுத்துகின்றன. காகிதத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால் நாவிலும் ஒன்றெனக் கொண்டோம். ஊகம் சரியெனில், ‘ஜீன்’ ஆங்கிலத்தின் முன்வாசல் வழியே வந்தது. ‘ழான்’ அதே வீட்டின் கொல்லைப்புறம் வழியே வந்தது. இரண்டுமே பாரிசிலிருந்து நேரே வந்தவை அல்ல.

“பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்போரும் ழகரம் எழுதுகிறார்களே?” என்று கேட்கலாம். ஆம், வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த ‘சொற்கள்’ தொகுப்பின் கவிஞர் நமக்கு ‘ழாக்’ என்றே அறிமுகமானார். அந்த உழைப்பின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் பிரெஞ்சு அறிந்தவருக்கு அந்த ழகரம் ஒரு குறியீடு. அதைப் பார்த்ததும் சரியான ஒலி அவர் நாவில் வந்துவிடும். பிரெஞ்சு அறியாதவருக்கு அது வாழையின் ழகரமேதான். தொல்காப்பிய மொழிமரபோ நன்னூலோ ழகரத்தை மொழிமுதலில் ஏற்கவில்லை. ஜகரம் மட்டும் ஏற்கப்பட்டதா என்றால், இல்லை, அது வடவெழுத்து. ஆயினும் ராஜாவும் ஜன்னலும் அதை நம் செவிக்குப் பழக்கிவிட்டன. மொழிமுதல் ழகரமோ படித்தோர் தமக்குள் அமைத்துக்கொண்ட அடையாளச் சின்னமாகவே நிற்கிறது.

இச்சின்னம் துறைவாரியாகப் பிரிந்துகிடப்பதைக் கவனியுங்கள். கல்வியியல், அரசியல் பாடநூல்களில் பியாஜேவும் ரூசோவும் பெரும்பாலும் ‘ஜீன்’கள். சிற்றிதழ்களிலும் திரைப்பட விவாதங்களிலும் சார்த்தரும் கோதாரும் ‘ழான்’கள். பெயர் ஒன்றே என்பதை மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய பிலியோசா, தமிழியலுக்கு இத்தனை நெருக்கமானவர். அவரையும் இரண்டு முதற்பெயர்களில் தேட வேண்டியிருக்கிறது. தேடுபொறிக்கு ஜீனும் ழானும் இருவேறு மனிதர்கள். ஒரு வடிவம் மட்டும் அறிந்த மாணவர் பாதி நூல்களை இழக்கிறார்; இழந்தது அவருக்குத் தெரிவதும் இல்லை.

நான் வாழும் ஊரைப் பாருங்கள். 1949–50இல் ஹூக்ளிக் கரையில் ‘தி ரிவர்’ படத்தை எடுக்க வந்த ரெனுவாருக்கு இடம் பார்க்க உடன் சென்றவர் இளம் சத்யஜித் ராய். அந்த ரெனுவாரின் முதற்பெயரும் இதுவே. வங்காளத்திலும் இந்தப் பிரெஞ்சு உரசொலி இல்லை. அவர்கள் தங்கள் ஜகரத்தை இட்டு, மூக்கொலிக்கு மேலே சந்திரபிந்துவை வைத்துவிட்டார்கள். உயிரை எப்படி எழுதுவது என்பதில் அவர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு, மெய்யில் இல்லை.

நமக்குச் சந்திரபிந்து இல்லையே என வருந்தவும் வேண்டாம். பேச்சுத் தமிழில் ‘நான்’ என்பதை எப்படி ஒலிக்கிறோம்? இறுதி னகரம் மறைந்து ஆகாரம் மூக்கொலி ஏறுகிறது. ‘ஜான்’ என்று எழுதி அதே இயல்பில் படித்தால், பிரெஞ்சுப் பெயருக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். “ஆங்கில ஜானோடு குழம்பாதா?” என்பீர்கள். குழம்பட்டும், இரண்டும் ஒரே பெயர்தானே! ‘கடவுள் அருள்புரிந்தார்’ எனப் பொருள்படும் எபிரேயப் பெயரின் கிளைகள் இவை. தமிழ்க் கத்தோலிக்க மரபு பொருளைப் பிடித்துக்கொண்டு ‘அருளப்பர்’ என்றது. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்த்துக்கீசியத் துறவி பிரிட்டோவின் முதற்பெயரும் இப்பெயரின் கிளைதான். மக்கள் நாவில் அவர் அருளானந்தர். அவர்களை எவரும் உச்சரிப்புத் தேர்வில் தோற்றவர்கள் என்று சொன்னதில்லை.

விக்தோர் உய்கோவின் வால்ஜானையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தானந்த பாரதியின் மொழிபெயர்ப்பில் ‘ஏழை படும் பாடு’ ஆன அந்நாவல் 1950இல் திரைக்கு வந்தபோது, நாகையா நடித்த கந்தனாக அவன் மாறினான். அவனைத் துரத்திய காவல் அதிகாரியின் பிரெஞ்சுப் பெயரும் அதே உரசொலியில்தான் தொடங்குகிறது. அவ்வேடமேற்ற சீதாராமனுக்கு வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்ட பெயர் ‘ஜாவர்’ சீதாராமன். ‘ழாவர்’ அன்று. தமிழ்ச் செவி தனக்குரிய விடையை அன்றே கண்டுவிட்டது.

என் வேண்டுகோள் மூன்று. எந்த வடிவத்தைக் கையாண்டாலும், முதல் குறிப்பில் வழக்கிலுள்ள பிற வடிவங்களையும் வாழ்ந்த ஆண்டுகளையும் சேர்த்து எழுதுவோம். நூலகப் பட்டியல்களில் ஜீன், ழான், ஜான் மூன்றையும் ஒரே பதிவின்கீழ் இணைப்போம். கருத்தரங்க மேடையில் ஒரு பெயரின் ஒலியைக் கொண்டு ஒருவரின் அறிவை அளக்காமல் இருப்போம்.

குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்றவர் பியாஜே. அதைத் தமிழில் தெளிவாக விளக்கிக்கொண்டிருந்த ஒரு மாணவியை, அவர் பெயராலேயே வாயடைத்தோம். அந்தக் கட்டுரையைப் பற்றி அன்று ஒரு வினாவும் எழவில்லை. அவர் இதைப் படிக்க நேர்ந்தால்: கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். உங்களிடம் கேட்க எனக்கு நான்கு கேள்விகள் உள்ளன; நான்கும் மொழிவளர்ச்சி பற்றியவை.